இளைத்த உடலும் தளர்ந்த உடுப்பும்

நெருங்கிய உறவில் ஒரு திருமணம். போகாமல் இருக்க முடியாது. அஸர் தொழுதுவிட்டு வந்து பீரோவைத் திறக்கிறீர்கள். சென்ற பெருநாளுக்கு எடுத்த பேண்ட்டை எடுத்து அணிகிறீர்கள். இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டை இறுக்குகிறீர்கள். கடைசித் துளையையும் தாண்டிவிட்டது. ஆணியைக் காய்ச்சிப் புதிதாக ஒரு துளை இட்டு, இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணாடியின் முன் நின்றால், வாய் கட்டிய அரிசி மூட்டையைப் போல் இடுப்பைச் சுற்றிலும் துணி சுருங்கி நிற்கிறது. சட்டையின் தோள் தையலோ தோளை விட்டு நழுவிக் கையில் தொங்குகிறது. வேறு வழியின்றிப் புறப்படுகிறீர்கள்.

மண்டபத்தில் நுழைந்ததும் சாச்சி ஒருவர் பதறிப்போய்க் கேட்கிறார்: "என்ன வாப்பா, இப்படி வத்திப் போயிட்டே! சீனி வந்துடுச்சா?"

மச்சான் முறையுள்ள ஒருவர் உங்களைத் தனியே அழைத்துச் சென்று தணிந்த குரலில் விசாரிக்கிறார்: "எல்லாம் நல்லாத்தானே இருக்கு மச்சான்? நல்ல டாக்டராப் பார்த்துக் காட்டினீங்களா?"

சஹனில் உடன் அமர்ந்தவர் இறைச்சித் துண்டுகளை உங்கள் பக்கமாகத் தள்ளுகிறார்: "சாப்பிடுங்க, உடம்பைத் தேத்துங்க!"

அன்பர்களே! எட்டு மாதமாக சுப்ஹுத் தொழுகைக்குப் பின் நடந்து நடந்து, இரவுப் பரோட்டாவை விட்டொழித்து, தேநீரில் சீனியை மறந்து நீங்கள் தேடிக்கொண்ட ஆரோக்கியம் அது. பாராட்டுப் பெற வேண்டியதற்கு அனுதாபம் பெற்று வீடு திரும்புகிறீர்கள். கேட்டவர்கள் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவர்கள் கண்டது உங்கள் உடம்பை அன்று. உங்கள் உடம்பைச் சுற்றித் தொங்கிய துணியை. அளவு மீறிய உடையில் ஆரோக்கியமானவனும் நோயாளியாகவே தெரிவான்.

இதை ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாக எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். எத்தனையோ பேரின் நல்ல முயற்சி முறிந்துபோகும் இடம் இதுதான்.

நண்பர் ஒருவரின் அனுபவம்

எனக்கு நன்கு தெரிந்த நண்பர் ஒருவர். வயது நாற்பத்தாறு. துணி வணிகம் செய்பவர். நாள் முழுதும் கல்லாவில் அமர்ந்திருப்பவர். நீரிழிவு இருப்பதாக மருத்துவர் சொன்னதும் அவருடைய தந்தையின் கடைசிக் காலம் அவர் கண்முன் வந்து நின்றது. கால் புண் ஆறாமல், விரல்களை எடுத்து, பின் பாதத்தையும் எடுத்து, அந்த மனிதர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவர் இவர். அன்றே உறுதி பூண்டார். பதினோரு மாதங்களில் 88 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு இறங்கினார். இடுப்பில் ஐந்து அங்குலம் குறைந்தது. மாத்திரையின் அளவை மருத்துவரே குறைத்தார்.

பேண்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு தையற்காரரிடம் போனார். தையற்காரர் கேட்டார்: "பிடிச்சுத் தைச்சுத் தர்றேன் பாய். மிச்சத் துணியை உள்ளேயே விட்டுடட்டுமா, வெட்டிடட்டுமா? உள்ளே விட்டா நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரிச்சு விட்டுக்கலாம்."

"உள்ளேயே விடுங்கள்" என்றார் நண்பர்.

மற்றப் பேண்ட்டுகளையும் சட்டைகளையும், 'காசு கொடுத்து வாங்கியதாயிற்றே' என்று பீரோவிலேயே அடுக்கி வைத்தார். அடுத்தடுத்து நான்கு திருமணங்கள் வந்தன. நோன்பு வந்தது, கஞ்சியோடு வடையும் சமோசாவும் வந்தன. நடை நின்றது. பேண்ட் இறுகியபோது தையலைப் பிரித்துவிட்டார். பிரித்ததும் போதாமற்போனபோது பீரோவில் காத்துக்கொண்டிருந்த பழைய பேண்ட்டை எடுத்து அணிந்தார். எந்தத் தடையும் இல்லை; எந்த உறுத்தலும் இல்லை. ஒன்பது மாதத்தில் 85 கிலோ! இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த மருத்துவர் முன்பிருந்ததை விடவும் அதிகமாக மாத்திரை எழுதினார்.

"உடம்பு திரும்பி வருவதற்கு நானே பாதையைச் செப்பனிட்டு வைத்திருந்தேன்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார் அவர். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு சொல்தான்.

முதலில் ஒரு கேள்வி

உடை தளர்ந்துவிட்டது என்றதும் மகிழ்வதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது நான் உழைத்துக் குறைத்த எடையா, தானாகக் குறைந்ததா?

நடந்தும் உணவைக் குறைத்தும் இளைத்திருந்தால் மகிழ்ச்சி. ஆனால் எந்த முயற்சியும் செய்யாமல், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது எண்பது கிலோ இருந்தவர் நான்கு கிலோவுக்கு மேல் இழந்திருந்தால், அவர் போக வேண்டிய இடம் தையற்கடை அன்று, மருத்துவமனை. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, தைராய்டு கோளாறு, காச நோய் முதலிய பலவற்றுக்கும் உடை தளர்வது ஓர் அடையாளமாக இருக்கலாம். சாச்சியின் கேள்வியை அப்போது அலட்சியம் செய்துவிடலாகாது.

நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்பவர்கள் முயன்று இளைத்திருந்தாலும் மருத்துவரிடம் ஒருமுறை சென்று வர வேண்டும். பருத்த உடம்புக்கு எழுதிய அளவு இளைத்த உடம்புக்கு மிகையாகி, தலைசுற்றலும் மயக்கமும் நேரலாம். உடையைப் போலவே மருந்தும் அளவு பார்க்கப்பட வேண்டியதே. அதை நாமாகக் குறைத்துக்கொள்வதும் கூடாது.

கைலி சொல்லாத உண்மை

நம் வீடுகளில் ஆண்களின் இயல்பான உடை கைலிதான். கடையிலிருந்து வந்ததும் பேண்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கைலிக்கு மாறினால்தான் வீட்டுக்கு வந்ததாகவே நமக்குத் தோன்றும். காற்றோட்டமானது, தொழுகைக்கு வசதியானது, நம் வெப்பத்துக்கு அதனினும் ஏற்ற உடை கிடையாது. மேலப்பாளையத்துத் தறிகளும் குடியாத்தத்துத் தறிகளும் தலைமுறை தலைமுறையாக நமக்குச் செய்துவரும் உபகாரம் அது.

ஆனால் கைலிக்கு ஒரு குணம் உண்டு. அது யாரையும் காட்டிக் கொடுக்காது. சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர். முப்பது அங்குல இடுப்புக்கும் அதே கைலி. நாற்பத்திரண்டு அங்குல இடுப்புக்கும் அதே கைலி. மடிப்பு மட்டும் சற்றே கூடும், குறையும். கடையிலும் வீட்டிலும் கைலியோடு இருப்பவர்கள் ஓராண்டு கழித்து ஒரு விசேஷத்துக்கென்று பேண்ட்டை எடுக்கும்போதுதான் பொத்தான் எட்டவில்லை என்பதை அறிகிறார்கள். இளைத்தவர்களுக்கும் இதே கதைதான். தாம் இளைத்ததைக் கைலி அவர்களுக்குச் சொல்வதே இல்லை.

பேண்ட்டாவது உண்மை சொல்லுமா? முழுமையாகச் சொல்லாது. வயிறு முன்தள்ளத் தள்ள நாம் பேண்ட்டைக் கீழே இறக்கிக்கொண்டே போகிறோம். தொந்திக்குக் கீழே கட்டும் பேண்ட்டின் எண் பத்து ஆண்டுகளாக 36 என்றே இருக்கலாம். தொந்தியின் சுற்றளவோ 42-ஐத் தொட்டிருக்கலாம். ஆயத்த உடைகளில் ஒட்டப்பட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே எண் ஒரு நிறுவனத்தின் பேண்ட்டில் ஓர் அளவாகவும் மற்றொன்றில் வேறோர் அளவாகவும் இருக்கும். எண்ணைச் சிறிதாகப் போட்டுத் துணியைப் பெரிதாக வெட்டி, வாங்குபவரின் மனத்தைக் குளிர்விப்பதும் உண்டு.

ஆகவே தையல் நாடா ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில், வெறும் வயிற்றில், சட்டையின்றி நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை உள்ளிழுக்காமல் அளவெடுங்கள். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2005-ஆம் ஆண்டு வகுத்த அளவுகோல், தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கிறது. 90 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ முப்பத்தைந்தரை அங்குலம். ஐரோப்பிய ஆண்களுக்கு அது வைத்த எல்லை 94. நம்மவர்களின் உடல்வாகு அப்படி. சிறிய தொந்தியிலேயே பெரிய ஆபத்து நமக்கு வந்து சேர்கிறது.

அவசரமும் வேண்டாம், கருமித்தனமும் வேண்டாம்

ஐந்து கிலோ குறைந்ததும் கடைக்கு ஓடி பீரோவை நிரப்பிக்கொள்பவர் உண்டு. அடுத்த ஐந்து கிலோ குறையும்போது அவையும் தொங்கும்; பணமும் வீண். இருபது கிலோ குறைந்த பின்னும் பழைய மூட்டைக்குள்ளேயே உலவுபவரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது.

எடை இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் இரண்டு பேண்ட், மூன்று சட்டை போதும். இருப்பவற்றுள் நல்லவற்றைத் தேர்ந்து பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கைலி இருக்கிறது. வெளியே செல்ல நாடா வைத்த பைஜாமாவும் ஜிப்பாவும் இருந்தால் அவையும் கைகொடுக்கும். எடை ஓரிடத்தில் நின்று, ஏறத்தாழ மூன்று மாதம் அதே நிலையில் இருந்தால், அதன் பிறகு புதியவற்றை வாங்கலாம்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. அது உள்ளாடை. தொளதொளத்த உள்ளாடை நடக்கும்போது தொடையில் உராய்ந்து புண்ணாக்கும். நாள்தோறும் நடப்பவருக்கு இது சிறிய தொல்லை அன்று. பனியனும் ஜட்டியும் அளவுக்கேற்ப முதலில் மாறட்டும்.

மோதிரத்தையும் மறந்துவிடாதீர்கள். உடம்பு இளைத்தால் விரலும் இளைக்கும். பள்ளிவாசலின் ஹவ்ளில் ஒளுச் செய்யும்போது வெள்ளி மோதிரத்தை நழுவவிட்டுத் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைக்கடிகாரப் பட்டையிலும் ஒரு கண்ணியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தையற்காரரிடம் போகுமுன்

எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்க இயலாது என்று தெரிந்திருந்தால் காசு மிஞ்சும்.

பேண்ட்: பின்புற நடுத் தையலைப் பிரித்து இடுப்பில் இரண்டு அங்குலம் வரை அழகு கெடாமல் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்து நிற்கும். பக்கப் பைகள் காதைப் போல விரியும். கவட்டுத் துணி தொங்கும். மூன்று நான்கு அங்குலம் குறைந்தவர் இடுப்பை மட்டும் பிடித்துப் பயனில்லை. தொடையையும் சேர்த்துப் பிரித்துத் தைக்க வேண்டும். அந்தக் கூலியையும் பேண்ட்டின் வயதையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஜீன்ஸ்: தடித்த துணி, தையல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து அடிக்கப்பட்டவை. பிரித்த இடத்தில் பழைய தையலின் தடம் போகாது. ஓர் அங்குலத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் விட்டுவிடுவதே நலம்.

சட்டை: தோள் சரியாக இருந்தால் அந்தச் சட்டையைக் காப்பாற்றிவிடலாம். பக்கத் தையலை அக்குளிலிருந்து கீழ்வரை பிடித்து, கையையும் சற்றே ஒடுக்கினால் புதிய சட்டை போலாகிவிடும். தோள் தையலே தோளெலும்பைத் தாண்டி இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தால் அதைச் சரிசெய்ய ஏறக்குறைய சட்டை முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும். பொத்தானைப் போட்ட பின் கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் நுழைந்தால் சரியான அளவு. ஒரு கையே நுழையுமானால் அந்தச் சட்டை இனி உங்களுடையது அன்று.

டி-சர்ட்: பின்னல் துணி. வெட்டித் தைத்தால் இழுத்துக்கொண்டு கோணும். வீட்டில் அணிய வைத்துக்கொள்ளுங்கள். சுருக்க முயல வேண்டாம்.

ஜிப்பா: தளர்வாக இருப்பதே அதன் இயல்பு. தோள் மட்டும் தொங்காதிருந்தால் அப்படியே அணியலாம்.

புதிதாக வாங்கும்போது

பீரோ நிறைய உடை, உடுத்த ஒன்றுமில்லை என்ற நிலை பல வீடுகளில் உண்டு. ஒன்றோடு ஒன்று பொருந்தாதவற்றை வாங்கிக் குவித்ததே காரணம். கருநீலம், சாம்பல், மணல் நிறம் என மூன்று பேண்ட். இம்மூன்றோடும் சேரும் ஐந்து சட்டை: ஒரு வெள்ளை, ஒரு வெளிர்நீலம், ஒரு சிறு கட்டம், ஒரு மெல்லிய கோடு, ஓர் இளம்பச்சை. மூன்றையும் ஐந்தையும் பெருக்கிப் பாருங்கள், பதினைந்து சேர்க்கை! ஓய்வு நாள், கடைத்தெரு, உறவினர் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூட விழா என எல்லாவற்றுக்கும் இது போதும். காலர் வைத்த டி-சர்ட் இரண்டு சேர்த்துக்கொண்டால் பயணத்துக்கும் ஆகும்.

நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்துக்குப் பருத்திதான் உகந்தது. தூய பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதை மறவாதீர்கள். துணி எடுத்துத் தைப்பதானால் தைக்கக் கொடுக்குமுன் ஓர் இரவு நீரில் நனைத்து உலர்த்துங்கள். ஆயத்த உடையானால் உடம்பைப் பிடிக்கும் அளவில் வாங்காமல் சுருங்குவதற்குச் சற்றே இடம் விடுங்கள்.

கடையிலுள்ள கண்ணாடியின் முன் நின்று பார்ப்பது மட்டும் போதாது. நம்முடைய நாள் நின்றபடி கழிவதில்லையே! அங்கேயே கீழே அமர்ந்து பாருங்கள். சஹனில் அமர்வது போல் காலை மடித்து அமர்ந்தால் தொடையும் முழங்காலும் இறுக்குகின்றனவா? ருகூவில் குனிவது போல் குனிந்தால் சட்டை மேலேறி முதுகு தெரிகிறதா? இவ்விரண்டு சோதனையிலும் தேறாத உடை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம். பேண்ட்டுக்குள் விடாமல் வெளியே விட்டு அணியும் சட்டையின் கீழ் விளிம்பு வளைவின்றி நேராக இருக்கட்டும்; நீளம் இடுப்பெலும்பை நன்றாக மூடட்டும்.

வெளிநாட்டில் வேலை செய்யும் மகனும் மருமகனும் தம்பியும் ஊருக்கு வரும்போது சட்டைகள் கொண்டுவருவது நம் வழக்கம். அவர்கள் மனத்தில் இருப்பது விமான நிலையத்தில் அவர்களை வழியனுப்பிய பழைய நீங்கள்தான். இப்போதைய மார்பளவு, தோளளவு, இடுப்பளவு மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லாதிருந்தால், 44 அளவுச் சட்டைகள் நான்கு வந்து இறங்கும். அன்போடு வந்ததை மறுக்கவும் மனம் வராது, அணியவும் இயலாது.

மகனின் சட்டையை வாப்பா அணிந்தால்…

இன்னொரு புறமும் இருக்கிறது. புதிதாக இளைத்த மகிழ்ச்சியில் இருபது வயது மகனின் பீரோவிலிருந்து இறுக்கமான டி-சர்ட்டை எடுத்து அணிந்துகொண்டு வாப்பா தெருவில் இறங்குகிறார். மகன் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்!

உடம்பை ஒட்டிப் பிடிக்கும் உடை நம் கண்ணியத்துக்கும் பொருந்தாது. நாற்பது வயது உடம்புக்கு அழகும் தராது. இளைத்த உடம்பில் தோல் சற்றே தளர்ந்திருக்கும். வயிற்றில் மடிப்பும் எஞ்சியிருக்கலாம். இறுக்கமான துணி அவற்றையே எடுத்துக்காட்டும். மார்பிலும் வயிற்றிலும் துணியைப் பிடித்து இழுத்தால் பக்கத்துக்கு இரண்டு அங்குலமேனும் வர வேண்டும். பொத்தான்களுக்கு இடையே துணி வாய் பிளக்கக் கூடாது. அளவான உடை என்பது உடம்பைக் காட்டும் உடையும் அன்று. உடம்பைத் தொலைத்துவிடும் உடையும் அன்று.

பழையவற்றை என்ன செய்வது?

கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டோம். பீரோவிலுள்ள பெரிய அளவுகளை என்ன செய்வது?

ஓய்வான ஒரு நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கட்டிலில் போடுங்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள். பிடித்துத் தைக்கத் தக்கவை ஒன்று. கொடுக்கத் தக்கவை ஒன்று. துடைக்கும் துணியாகத் தக்கவை ஒன்று. 'எதற்கும் இருக்கட்டும்' என்று நான்காவது குவியலைத் தொடங்கிவிடாதீர்கள். அந்த நான்காவது குவியல்தான் நம் நண்பரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

கொடுப்பதிலும் முறை இருக்கிறது. நாம் அணிந்து நாலு பேர் முன் நிற்கத் துணியாத ஒன்றை ஏழையின் கையில் திணிப்பது கொடை ஆகாது. துவைத்து, விட்டுப்போன பொத்தானைத் தைத்து, இஸ்திரி போட்டு, பைகளில் காகிதம் எதுவும் தங்கியிருக்கிறதா என்று பார்த்து, மடித்துக் கொடுங்கள். வாங்குபவரின் உடம்பளவையும் எண்ணிப் பாருங்கள். மெலிந்த மனிதருக்கு உங்கள் 42 அங்குலப் பேண்ட்டைக் கொடுத்தால், நீங்கள் மண்டபத்தில் பட்ட அதே சங்கடத்தை அவரிடம் ஒப்படைத்ததாகும். அவருக்கேற்பத் தைத்துக்கொள்ளும் கூலியையும் சேர்த்துக் கொடுத்தால் அது முழுமையான உதவி. பெருநாளுக்கென்று கொடுப்பது மட்டும் புதியதாக இருக்கட்டும். பழைய பீரோவைக் காலி செய்வதற்கு அந்த நாளைப் பயன்படுத்தாதீர்கள்.

முன்பெல்லாம் வாப்பாவின் சட்டையை வெட்டி மகனுக்குச் சட்டை தைப்பது நம் உம்மாமார்களின் கைவந்த கலை. பழைய கைலி நனைந்து நனைந்து பூப்போல் மென்மையானதும் பச்சிளம் குழந்தைக்கு ஏணையாகவும் விரிப்பாகவும் ஆகும். தையல் எந்திரம் உள்ள வீடுகளில் அந்தக் கலை இன்னும் மடிந்துவிடவில்லை. உங்கள் பெரிய சட்டையில் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு சட்டை தாராளமாக வரும்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு சொல்

சகோதரிகளே! கணவரோ மகனோ இளைத்து வரும்போது, 'கண்ணூறு பட்டுவிட்டது' என்று கலங்குவதும், 'இந்த ஒரு நாள் மட்டும்' என்று நெய்ச்சோற்றை அள்ளி வைப்பதும் அன்பினால்தான். ஆனால் பருமனே செழிப்பு என்ற எண்ணம் எத்தனை வீடுகளில் இளம் வயதிலேயே மரணத்தை அழைத்து வந்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அளவான சட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 'இது உங்களுக்கு நன்றாக இருக்கிறது' என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல், ஊரார் கேட்கும் பத்துக் கேள்விகளுக்கு மருந்தாகும். அடுத்த நாள் அதிகாலை அவரை நடக்க அனுப்புவதும் அந்தச் சொல்தான்.

நம் நண்பரின் கதையை முடிக்கவில்லை. அவர் மீண்டும் நடக்கத் தொடங்கினார். இம்முறை பதினான்கு மாதம் பிடித்தது. ஒரு முறை தோற்ற உடம்பு இரண்டாம் முறை எளிதில் இணங்குவதில்லை. எடை 73-இல் நின்று மூன்று மாதம் ஆனதும் அதே தையற்காரரிடம் போனார். அவரும் வழக்கம்போலவே கேட்டார்: "துணியை உள்ளேயே விட்டுடட்டுமா பாய்?"

"வெட்டிவிடுங்கள்" என்றார் நண்பர். வெட்டிய துண்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தார். மற்றப் பெரிய உடைகள் யாவும் தகுந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்ததும், ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் அந்தப் பேண்ட்டை ஒருமுறை அணிந்து பார்க்கிறார். பொத்தான் எளிதாக விழுந்தால் அல்ஹம்துலில்லாஹ். சற்றே முரண்டு பிடித்தால், அந்த வாரம் இரவுச் சோறு பாதியாகிறது. நடை கால் மணி நேரம் கூடுகிறது. ஓர் அங்குலம் ஏறும்போதே அறிந்துகொண்டால் சில வாரங்களில் இறக்கிவிடலாம். ஐந்து அங்குலம் ஏறிய பின் அறிந்தால் ஓராண்டு வேண்டும். பிரித்துவிட உள்ளே துணி இல்லை. எடுத்து அணியப் பீரோவில் பெரியது இல்லை. ஆகவே அந்தப் பேண்ட் சொல்வதை அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அன்பு வாசகரே! வரும் வெள்ளிக்கிழமை நீங்களும் பீரோவைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு அளவான ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள். அளவு கடந்தவற்றை மடித்து எடுத்துவிடுங்கள். இழந்த உடம்பு திரும்பி வந்து கதவைத் தட்டினாலும், அணிவதற்கு அதற்கு ஒன்றும் இல்லாதிருக்கட்டும்!